சாமிக்குப் பின்னால் நின்றவன்

காது குத்தும்போது மடி நடுங்கக் கூடாது. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. இதைச் சொன்னால் இன்றைக்கு என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே இருக்கிறது. கீழக்குயில்குடி பஸ்ஸில் போய் இறங்கி, சமண மலையைப் பக்கத்தில் விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அப்பாவுக்கு அங்கே ஒரு கிணறும், அந்தத் தண்ணீர் பாய்கிற அளவுக்கு நெல்லும் மல்லிகையும் உண்டு. ஐம்பதைத் தாண்டியதும் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும், திருநீற்றைக் கிள்ளித் தேய்க்கிற மாதிரி. பிறகு வலது காலும் சேர்ந்துகொண்டது. உட்கார்ந்தால் முட்டி தானாக ஆடும். நடை சிறுத்துப்போனது, சிரித்தாலும் முகத்தில் தெரியாமல் போனது.

நான் ஒற்றைப் பிள்ளை. அப்போது கல்யாணமாகி ஆரப்பாளையத்தில் குடியிருந்தேன். டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர் வேலை. நான்தான் அவரை டவுனில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். நடுக்குவாதம் என்றார். இதனால் உயிருக்கு உடனே ஆபத்தில்லை, ஆனால் முழுசாகக் குணமாகவும் செய்யாது என்றார். நடுக்கத்துக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதினார். வேளைக்கு ஒன்று. கூடப் போட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. படித்தவர் அவர். சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

அந்த வருஷம் அப்பாவின் கடைசித் தங்கை, அதாவது என் அத்தை, தவமிருந்து பெற்ற பெண் குழந்தைக்குக் காது குத்த ஏற்பாடு செய்தாள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் மாலை போட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவார், பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார், ஆசாரி குத்துவார். இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் இரண்டு பேர்: என் அப்பாவும், அவருடைய அண்ணன் என் பெரியப்பாவும். அத்தையைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அப்பா. அதனால் மடி அவருடையது என்று நாங்கள் நினைத்திருந்தோம். பெரியப்பா அப்படி நினைக்கவில்லை. நாள் குறிக்கக் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

"அந்த ஆடுற மடியில பிள்ளைய வச்சா ஆசாரி காதக் குத்துவானா, கன்னத்தக் குத்துவானா? நீ சும்மா இருடா, நான் உக்காந்துக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். அந்த முகத்தில் அது வரவில்லை.

வீட்டுக்கு வந்தவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை இரண்டிரண்டாகப் போட ஆரம்பித்தார். அது போதவில்லை என்று இன்னொன்று சேர்த்தார். மருந்துக் கடைக்காரர் கேட்டதை எடுத்துக் கொடுத்தார். காதுகுத்து அன்றைக்கு, நடுக்கம் நின்றிருந்ததைப் பார்த்து அத்தை மாலையை அப்பாவுக்கே போட்டாள். அவர் மடி கல் மாதிரி நின்றது. பிள்ளை வீறிட்டுக் கத்தி உதைத்தாள், மடி அசையவில்லை. அத்தை அழுதுவிட்டாள். அப்பா தலையை நிமிர்த்திப் பெரியப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெரியப்பா சாப்பிடாமல் போனார்.

காதுகுத்து முடிந்த பிறகும் அப்பா மாத்திரையைக் குறைக்கவில்லை. யார்தான் குறைப்பார்கள்? தன் கை தன் பேச்சைக் கேட்கிறது என்றால் எந்த மனுஷன் விடுவான்?

முதலில் பிள்ளைகள் வந்தார்கள். கட்டிலுக்கு அடியில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னாராம். பயந்து சொல்லவில்லை. "பாவம், பசியா இருக்கும், முறுக்கு இருந்தா குடு" என்றாராம். அம்மா வேடிக்கை என்று நினைத்து ஒரு தட்டில் முறுக்கை வைத்து உள்ளே தள்ளியிருக்கிறாள். என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அதற்கப்புறம் பிள்ளைகள் போய் ஓர் ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை போட்ட ஆள். கிணற்று மேட்டில் நிற்பான், கொல்லைப்பக்கம் வந்து நிற்பான். பேச மாட்டான். அவன் யாரைப் பார்க்க வருகிறான் என்று அப்பா யோசிக்க ஆரம்பித்தார். யோசித்து, என் அம்மாவைப் பார்க்கத்தான் என்று முடிவு கட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. அடி இல்லை, அழுகை. கொல்லைக் கதவுப் படி முழுக்கக் கோலமாவு கொட்டிக் கிடந்தது.

"என்னம்மா இது?"

"உங்கப்பாதான். வந்து போறவன் காலடி தெரியணுமாம். காலையில பாத்திரம் கழுவ நான்தான போனேன், என் கால்தான் பதிஞ்சிருக்கு. அதக் காட்டி இது ஆம்பளக் காலுங்கிறாரு. பக்கத்துல என் கால வச்சுக் காட்டுனேன். அதுக்கு அவரு, 'அவன் காலும் உன் கால் சைசுதான்'ங்கிறாரு. இம்புட்டு வருசம் குடித்தனம் பண்ணிட்டு இதக் கேக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு."

அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தாயி, பஸ்ல கூட்டமா? மாப்ள வரலையா?" என்று கேட்டார். வேலை எப்படிப் போகிறது, ராத்திரி டியூட்டி போட்டால் துணைக்கு யார் வருகிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். எல்லாம் சரியாக, வரிசையாக. பிறகு குரலைத் தாழ்த்தி, அதே நிதானத்தோடு, "உங்கம்மா சரியில்ல தாயி. அந்த மோட்டார் மெக்கானிக்தான் வந்து போறான். அவனுக்கு வெள்ளச் சட்ட இருக்கு, நான் பாத்திருக்கேன்" என்றார்.

அந்த மெக்கானிக் கிணற்று மோட்டார் பழுதானால் வந்து சரிசெய்து கொடுக்கிற சின்ன வயசுக்காரன். என் அம்மாவை அக்கா என்று கூப்பிடுவான். அவனிடம் வெள்ளைச் சட்டை இருந்தது உண்மைதான். மதுரையில் வெள்ளைச் சட்டை இல்லாத ஆம்பளை எவன்?

இது வியாதி என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. படிப்பால் தெரியவில்லை. என் அப்பா என் அம்மாவைப் பற்றி இப்படி நினைக்கக்கூடிய ஆள் இல்லை என்பதால் தெரிந்தது. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும் என்றேன். ஆனால் அதற்கு முன்னாலேயே அப்பா தன் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்.

பெரியப்பா பங்காளிகளைக் கூட்டினார். நெல் காயப்போடுகிற களத்தில் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இதற்கு மட்டும் யாருக்கும் வேலை வெட்டி இருக்கவில்லை. நான் போய் நின்றேன்.

"பெரியப்பா, அவருக்கு உடம்பு சரியில்ல. இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியிறான். டாக்டர்ட்ட காட்டணும்."

"கைதானத்தா நடுங்குது அவனுக்கு? கை நடுங்குறதுக்கும் கண்ணு பாக்குறதுக்கும் என்ன சம்பந்தம்? அவன் என்ன கிறுக்கனா? நேத்து எங்கிட்ட உக்காந்து, மோட்டார்ல பேரிங் போயிருச்சு, வைண்டிங் நல்லாத்தான் இருக்குன்னு அம்புட்டுத் தெளிவாச் சொல்றான். கிறுக்கன் சொல்லுவானா?"

"தெளிவாத்தான் பேசுவாரு. அதான் வியாதி."

"கட்டிக்குடுத்த பிள்ள நீ. காப்பியக் குடிச்சிட்டு பஸ் ஏறு."

இந்த இடத்தில்தான் என் கோபம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்த பைத்தியம் ஒன்றே ஒன்றுதான். சட்டையைக் கிழித்துக்கொண்டு தெருவில் ஓட வேண்டும், கல்லெடுத்து எறிய வேண்டும். என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, நிதானமாகப் பேசினார். அதனால் அவர் சொன்னது உண்மையாகிவிட்டது. முப்பது வருஷம் அந்த ஊரில் தலை நிமிராமல் நடந்தவள் என் அம்மா. அவளுடைய வார்த்தையை ஒருத்தரும் கேட்கவில்லை. பெரியப்பாவுக்கு மடி போன ஆத்திரம் வேறு. அதை அவர் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் களத்தில் அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் இந்த மாதிரிப் பேச்சு வந்தால் எல்லைக் கருப்பசாமி கோயிலில் சத்தியம் செய்ய வேண்டும். குளித்த ஈரத்தோடு வந்து, படியில் கற்பூரம் ஏற்றி, நான் தப்புச் செய்யவில்லை என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தால் குற்றம் இல்லை. வெள்ளிக்கிழமை அம்மா அணைக்க வேண்டும் என்றும், அந்த மெக்கானிக்கும் வர வேண்டும் என்றும் களத்தில் முடிவானது. அதுவரை அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போகவும் விடவில்லை.

"போகாதம்மா. என்கூட டவுனுக்கு வந்துரு" என்று அம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"நான் வந்துட்டா, ஓடிப்போயிட்டாம்பாங்க. அந்தப் பேச்ச நீ சுமக்கணும். நாளைக்கு உனக்குப் பிள்ள பிறந்தா அதுவும் சுமக்கணும். எரியப்போறது கைதான, விடு."

வெள்ளிக்கிழமை காலை நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். மெக்கானிக் காக்கிச் சட்டையோடு முன்னாலேயே வந்து ஓரமாக நின்றான். பயத்தில் அவன் உதடு வெளுத்திருந்தது. ஈரச் சேலையோடு அம்மா வந்தாள். கை நிறையக் கற்பூரத்தை அள்ளி வைத்தார் பெரியப்பா, ஒரு துண்டு போதாதா? தீ ஒரு சாண் உயரத்துக்கு எழும்பியது.

"நான் ஒரு தப்பும் பண்ணலை. பண்ணியிருந்தா இந்தக் கருப்பன் என் கண்ணப் பிடுங்கட்டும்."

அம்மா கையை ஓங்கி அடித்தாள். ஒரே அடி. தீ அணைந்தது. தோல் கருகிய வாடை எனக்கு வந்தது. அவள் கையை உதறக்கூட இல்லை.

கூட்டம் அப்பாவைப் பார்த்தது. இனி அவர் சரி என்று சொல்ல வேண்டும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அப்பா மரியாதையாகக் கும்பிட்டார். ஓரத்தில் நின்ற மெக்கானிக்கைப் பார்த்து, "வாப்பா, பேரிங் வாங்கிட்டியா?" என்று விசாரித்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"அணைச்சிட்டா அண்ணே, சரிதான். ஆனா அந்தா நிக்கிறானே. சாமிக்குப் பின்னால, வெள்ளச் சட்ட. அவகூடவே வந்திருக்கான் பாருங்க."

இதைக் கேட்டுப் பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? கம்பை எடுத்துக்கொண்டு சாமிக்குப் பின்னால் போய்த் தேடினார். சத்தியமாகத் தேடினார். இன்னொரு பங்காளியும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கூடப் போனார். அங்கே ஓர் உடைந்த மண்குதிரையும் காய்ந்த மாலைகளும்தான் கிடந்தன.

"எங்கடா?"

"அந்தா அண்ணே, உங்க கைக்குப் பக்கத்துல. உங்களத்தான் பாக்குறான்."

பெரியப்பா துள்ளி விலகினார். கையிலிருந்த கம்பு கீழே விழுந்தது. யாரைச் சந்தேகப்பட்டார்களோ அவன் காக்கிச் சட்டையோடு எல்லோர் கண் முன்னாலும் நிற்கிறான். அப்பாவோ சாமிக்குப் பின்னால் வேறொருவனைக் காட்டுகிறார். அப்போதுதான் அந்தக் கூட்டத்துக்கு மண்டையில் ஏறியது. என் அம்மாவின் கை வெந்த பிறகு ஏறியது.

நான் அப்பாவின் கையைப் பிடித்து அப்படியே பஸ்ஸுக்கு நடத்திப் போனேன். அம்மா ஈரச் சேலையோடு கூட வந்தாள். ஒருத்தரும் தடுக்கவில்லை, ஒருத்தரும் மன்னித்துக்கொள் என்று சொல்லவுமில்லை.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "மாத்திரை எத்தனை போடுறீங்க?" என்பதுதான். அப்பா ஒளிக்கவில்லை. ஒரு பிடி மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிக் காட்டி, "இம்புட்டுப் போட்டாத்தான் நிக்குது" என்றார். டாக்டர் எங்களைத் திட்டினார். இந்த வியாதியிலேயே சிலருக்கு இல்லாதது தெரியும், பெண்டாட்டியைச் சந்தேகப்படுவார்கள், இந்த மாத்திரை கூடிப்போனால் கேட்கவே வேண்டாம், வீட்டில் யாரும் பார்க்க மாட்டீர்களா என்றார்.

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல சார்?" என்றேன். என் சத்தத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இதெல்லாம் சொன்னா பயந்துபோய் மருந்தே சாப்பிட மாட்டாங்கம்மா."

அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்து அவர் மேஜைமேல் வைத்தேன். கொப்புளம் கட்டி நீர் கோத்திருந்தது. இது உங்கள் மருந்து செய்தது சார் என்றேன். அவர் அதற்கும் ஒரு களிம்பு எழுதினார்.

ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அந்த ஆளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனான். முதலில் வீட்டுக்குள் வருவதை விட்டான், பிறகு கிணற்று மேட்டோடு நின்றுகொண்டான், அப்புறம் சாயங்காலம் மட்டும் வந்தான், பிறகு வரவே இல்லை. நடுக்கம் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பாவுக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. அம்மாவின் கையைப் பார்த்து, "என்ன இது?" என்று கேட்டார். அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்றாள். பார்த்து வேலை செய்யக் கூடாதா என்று கோபித்துக்கொண்டார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று அம்மா எனக்கும் அத்தைக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சொன்னால் அந்த மனுஷர் உயிரோடு இருக்க மாட்டார் என்றாள்.

பெரியப்பா கதையை வேறு மாதிரி ஆக்கிக்கொண்டார். கருப்பன் காலடியில் சத்தியம் பண்ணியதால்தான் தம்பிக்குப் பிடித்திருந்தது விலகியது என்று கிடா வெட்டினார். பொங்கல் வைக்க அம்மாவைக் கூப்பிட்டு விட்டார். வேலை இருக்கிறது என்று அம்மா போகவில்லை. ஊர் அந்தக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, குழாயடியில் வேறு பேசியது. அணைத்தாள் சரி, அணைக்கிற நிலைமை ஏன் வந்தது என்று பேசியது. அம்மா குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். சாமி விடுவித்தவளைக் குழாயடி விடவில்லை.

சில வருஷம் கழித்து என் மகளுக்குக் காது குத்தினோம். திருமங்கலம் பக்கம் இருக்கிற என் புருஷன் வீட்டுக் குலசாமி கோயிலில். எனக்கு உடன்பிறந்தவன் இல்லாததால் பெரியப்பா மகன்தான் முறைக்குத் தாய்மாமன். அவன் நல்லவன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். பெரியப்பா அத்தனை பங்காளிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு, சீர்த்தட்டோடு வந்து இறங்கினார். மகனுக்கு மாலையைப் போட்டு, "உக்காருடா" என்றார்.

"கொஞ்சம் இருங்க மாமா" என்றாள் அம்மா.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க அவர் முன்னால் போய் நின்றாள்.

"அன்னைக்குக் கம்பெடுத்துக்கிட்டு சாமிக்குப் பின்னால போயித் தேடுனீங்கள்ல, அங்க யாரு இருந்தா?"

பெரியப்பா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அதெல்லாம் இப்ப எதுக்குத்தா, நல்ல நாளும் அதுவுமா."

"நல்ல நாள்ங்கிறதாலதான் கேக்குறேன். கருப்பன்ட்ட நான் சொல்லிட்டேன். நீங்க இன்னும் சொல்லலை. பாத்தவரு நீங்கதான? சொல்லிட்டு மகன உக்காரச் சொல்லுங்க. இல்லைன்னா சீரத் தூக்கிட்டுப் போங்க."

மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார். ஆசாரி ஊசியைப் பிடித்தபடி இருந்தார். வேனில் வந்த பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள்ளேயே முனகினார்.

"யாரும் இல்ல."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல மாமா."

"யாரும் இல்லத்தா. அங்க யாரும் இல்ல." இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

அம்மா பிள்ளையைக் கொண்டுபோய்ப் பெரியப்பா மகனின் மடியில் வைத்தாள். பக்கத்து நாற்காலியில் வலது கை நடுங்க உட்கார்ந்திருந்த அப்பா, எங்கள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு இல்ல? யாரத் தேடுறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க" என்றாள் அம்மா. "பிள்ள அழப்போறா, அவ கையப் பிடிச்சுக்கங்க."